விழக் கற்ற வண்டி

செல்வின் பல் லேபுக்குள் வந்தபோது தமயந்தி ஒரு செயற்கைக் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவருக்கான பல். மாலைக்குள் டாக்டரிடம் போயாக வேண்டும்.

"அஞ்சு வண்டி அனுப்பினேன்," என்றான் செல்வின், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல். "அஞ்சும் ஒரே இடத்துல நின்னுச்சு. ஒரே மாதிரி திரும்பி வந்துடுச்சு."

அவள் மோட்டாரை நிறுத்தினாள். யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்டது வேறு.

"எப்படிப்பட்ட இடம்?"

"சின்ன இடுக்கு. ஒரே ஈரம். உள்ளே கும்மிருட்டு. அதுக்கென்ன? இதைவிட மோசமான பாறையெல்லாம் நம்ம வண்டி சாதாரணமா ஏறுமே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். தமயந்தி பல்லைத் தட்டில் வைத்தாள். வேறு யாருடைய தட்டிலோ வைத்தாள்.

செல்வின் ஏற்காடு பக்கம் மலை மீட்புக் குழுவுக்குத் தலைவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் போட்டியாளன். இருவருக்கும் ஒரே பைத்தியம்: பாறை ஏறும் ரிமோட் வண்டி. ராக் கிராலர் என்பார்கள். பெட்டியில் உதிரி உதிரியாக வரும். இரண்டு சட்டம், இரண்டு அச்சு, நாலு சக்கரம், ஒரு மோட்டார், ஒரு பை நிறைய ஸ்க்ரூ. பூட்டி முடித்தால் ஒரு பூனை அளவு இருக்கும். வேகம் கிடையாது. விழாமல் பாறையைக் கடப்பதுதான் பந்தயம்.

அந்தக் கிட்டில் ஒரு விசேஷம் இருந்தது. வண்டிக்குச் சின்னதாக ஒரு மூளை. விழுந்தால், ஏன் விழுந்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்கு எல்லா ஊர் வண்டிகளின் ஞாபகமும் ஒன்றாகக் கலக்கும். கலந்த பாடம் எல்லா வண்டிக்கும் திரும்பி வரும். பெட்டியின் மேலே அதைத்தான் அச்சடித்திருந்தார்கள்: 'ஒன்று விழுந்தால் எல்லாம் கற்கும்.'

இப்படிக் கற்றுக் கற்று, பொழுதுபோக்குக்காரர்களின் பொம்மை எந்த ராணுவ இயந்திரத்தையும்விடக் கெட்டிக்காரத்தனமாகப் பாறை ஏற ஆரம்பித்தது. அதைப் பார்த்து மீட்புக் குழுக்கள் அதே கிட்டை வாங்கின. செல்வின்தான் முதலில் வாங்கியது.

"மாட்டியிருக்கிறது யாரு?" இப்போது கேட்டாள்.

"மாதையன்னு ஒரு ஜேசிபி டிரைவர். கரடிப்பாறை வளைவுல முதல் சரிவை வாரப் போனாரு. ரெண்டாவது சரிவு அவர் மேலயே வந்துடுச்சு. ஜேசிபி கைதான் மேல் பாறையைத் தாங்கிட்டு நிக்குது. காலையில தட்டற சத்தம் கேட்டுச்சு. எந்தப் பக்கத்துல இருக்காருன்னு தெரியாம தோண்ட முடியாது. தப்பான பக்கம் தோண்டினா பாறை இறங்கிடும்."

"ரிமோட்டை வெச்சு ஓட்ட முடியாதா?"

"மண்ணுக்குள்ள ரேடியோ எட்டலை. ஒயர் கட்டினா கல்லுல உரசி அறுந்துடுது. அந்த இடுக்கைத் தாண்டி வண்டி சொந்த புத்தியிலதான் போகணும். அதுதான் போக மாட்டேங்குதே." தலையைத் துவட்டிக்கொண்டான். "ஐப்பசியில நெல்லிமட்டம் சரிவுல லைன்மேனைத் தேடினப்போ எல்லா வண்டியும் ஒழுங்கா சுத்திட்டு வந்துச்சு. ஆள் இல்லைன்னு சொல்லிச்சு, தேடறதை நிறுத்தினோம். மண்ணு மறுபடி நகருதான்னு பார்க்க ஒரு வண்டியை அங்கேயே காவலுக்கு விட்டிருக்கேன். அதுகூட நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு மட்டும் என்ன கேடு?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம்.

"என் வண்டியைக் கொண்டு வர்றேன்," என்றாள். "என்னோடது வெளிப்பாடம் வாங்காது. அந்தக் கதவை எப்பவோ அடைச்சுட்டேன். அது போகும்."

செல்வின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவள் வண்டியை எடுக்க உள்ளே போனாள்.

மலைப்பாதையில் ஜீப் ஏறும்போது வண்டியை மடியில் வைத்திருந்தாள். அழகான வண்டி. டயர்கள் கிட்டோடு வந்தவை அல்ல. பல் அச்சு எடுக்கும் சிலிக்கோனில் அவளே வார்த்தவை. உள்ளங்கை மாதிரி மெத்தென்று பாறையைக் கவ்வும். முன் சக்கரங்களுக்குள் பித்தளை வளையங்கள், பல் வார்க்கும் உலையிலேயே உருக்கி ஊற்றியது. கிராலருக்கு உயிர் அந்த எடைதான். முன்பக்கம் கனமாக இருந்தால் செங்குத்தில் ஏறும். லேசாக இருந்தால் மல்லாக்க விழும்.

அந்தக் கணக்குதான் அவளைக் கெடுத்தது.

அவர்களுடைய கிராலர் கிளப்பின் பந்தயப் பாறையில் ஓர் இடுக்கு உண்டு. எப்போதும் நீர் கசியும். உள்ளே வெளிச்சம் இருக்காது. அதன் வழியே போனால் பாதி தூரம் மிச்சம். வருஷா வருஷம் செல்வின் அந்த வழியில்தான் கோப்பையை ஜெயித்தான். அவனை அதிலிருந்து விலக்க ஒரே வழி இருந்தது. அவன் வண்டி அந்த இடுக்கைக் கண்டு பயப்பட வேண்டும்.

பயிற்சி நாட்களில் தமயந்தி பித்தளை வளையங்களைக் கழற்றிவிட்டு வருவாள். வெறும் சக்கரம். வண்டி இடுக்கில் ஏறும், மல்லாக்க விழும். மறுபடி ஏறும், மறுபடி விழும். ஆனி மாசம் முழுக்க இதே வேலை. விழுவதற்கென்றே ஒரு வண்டியைக் கட்டியவள் அந்தக் கிளப்பிலேயே அவள் ஒருத்திதான்.

கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. விழுந்த வண்டியை உடனே தூக்கக்கூடாது. அதன் நெற்றியில் நீல விளக்கு எரியும்வரை, அதாவது விழுந்ததை அது உணர்ந்து முடிக்கும்வரை, யாரும் தொடமாட்டார்கள். சுற்றி நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர் வண்டி விழுந்து கிடப்பதை வெறித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. அந்த மரியாதையால்தான் அவள் சக்கரம் வெறுமையாக இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. செல்வின் ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்து, "விடுங்க தமயந்தி, அந்த வழி இனிமே யாருக்கும் ஆகாது போல" என்று ஆறுதல்கூடச் சொன்னான்.

பழைய ஓட்டுநர்களின் பாடத்துக்குக் கலவையில் மதிப்பு அதிகம். அவளுடைய வீழ்ச்சிகள் ஒவ்வொரு மாலையும் கலந்தன. ஆடி மாசம் போட்டியன்று எல்லா வண்டியும் இடுக்கின் வாசலில் நின்று, யோசித்து, சுற்றிக்கொண்டு போயின. ஓட்டுநர் அழுத்தினாலும் சக்கரம் தயங்கியது. பித்தளை பூட்டிய அவள் வண்டி மட்டும், அவள் கைப்பிடியில், நேராக உள்ளே போய் வெளியே வந்தது.

கோப்பை லேபில் இருந்தது. அதில் மெழுகுக் குச்சிகள் போட்டு வைத்திருந்தாள்.

கரடிப்பாறை வளைவில் தார்ச்சாலை பாதியில் முடிந்து சேறாக இருந்தது. பிளாஸ்டிக் கூரைக்கடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாதையனின் மனைவி காவேரி. புருஷனின் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்திருந்தாள்.

தமயந்தி வண்டியைத் தரையில் விட்டதும் எழுந்து வந்தாள்.

"இதுங்களா போகப் போகுது?"

"ஆமாம்மா."

"மத்ததெல்லாம் பயந்துட்டு வந்துடுச்சாம். இது பயப்படாதுங்களா?"

தமயந்தி ரிமோட்டை இறுகப் பிடித்தாள். "பயப்படாது."

வண்டி சேற்றில் ஊர்ந்தது. உருண்டு கிடந்த பாறை ஒன்றின் மேல் முன்சக்கரம் வைத்து, சிலிக்கோன் டயர் கவ்வி, நிதானமாக ஏறியது. செல்வின் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். "அருமை. அப்படித்தான். இன்னும் கொஞ்சம்." படம் புள்ளி புள்ளியாக உடைந்தது. ரேடியோ அறுந்தது. இனி வண்டி தானாகப் போக வேண்டும்.

காத்திருந்தார்கள்.

சற்று நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. சேறு தெறித்த நெற்றியோடு நேராக அவள் காலடிக்கு வந்து நின்றது.

காவேரி தூக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்ன இது?" செல்வின் குனிந்தான். "உங்களோடதுதான் வெளிப்பாடம் வாங்காதே?"

"வாங்கலை," என்றாள் தமயந்தி. "குடுத்ததே இதுதான்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னாள். பித்தளை வளையம், வெறும் சக்கரம், ஆனி மாசம், கோப்பை, எல்லாம். விழுந்தது இந்த வண்டிதான் என்பதால் பயம் இதற்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். போட்டியன்று அது துணிந்து போகவில்லை. அவள் கை அதைத் தள்ளிக்கொண்டு போனது. அதைக்கூட யோசிக்காமல் பாதி நாளை வீணாக்கிவிட்டாள்.

செல்வின் கத்தியிருந்தால் தேவலை.

"காலையில லேப்லயே சொல்லியிருக்கலாம்," என்றான். அவ்வளவுதான். பிறகு வேலையில் இறங்கிவிட்டான். "பழைய பாடத்தைத் திருப்பி ஏத்த முடியுமா?"

"முடியாது. ரசத்துல உப்பு ஜாஸ்தியானா உப்பை மட்டும் எப்படி எடுக்கறது? இன்னும் புளித்தண்ணி ஊத்தலாம். அதைத்தான் பண்ணணும். ஈரமான இடுக்குல நிறைய வண்டி விழாம போய் வரணும். கையால ஓட்டித்தான். தயங்கும், விடாம அழுத்தணும். அந்தப் பாடம் ஆறு மணிக்குக் கலந்தா, என் பொய் கரைஞ்சு போகும்."

"நிறையன்னா எவ்வளவு?"

"நான் தனியா பண்ணினா பத்தாது. எல்லாரும் பண்ணணும்."

"எல்லாருக்கும் காரணம் சொல்லணுமே."

"சொல்றேன்."

செல்போனை வாய்க்கருகே வைத்து, கிளப்பின் குழுவில் குரல் பதிவு போட்டாள். மழைச் சத்தமும் பதிவானது.

"நான் தமயந்தி. ஆடி மாசம் நான் ஜெயிச்சது ஏமாத்து. ஈரமான இடுக்குல வண்டி விழும்னு உங்க வண்டி எல்லாத்துக்கும் பொய்யா சொல்லிக் குடுத்தது நான்தான். அந்தப் பொய்யை நம்பி இங்க வண்டிங்க ஒரு மனுஷனைத் தேடாம திரும்பி வருது. என்னைத் திட்டறதை அப்புறம் வெச்சுக்குங்க. இப்ப ஆளுக்கு ஒரு இடுக்கு பாருங்க. ஈரமா, இருட்டா, குறுகலா. கையால ஓட்டி உள்ள விட்டு வெளிய எடுங்க. திரும்பத் திரும்ப. ஆறு மணிக்குள்ள."

பதிவைப் பலர் கேட்டுவிட்டதாகத் திரை காட்டியது. 

முதல் குரல் ஆம்பூர் இர்ஷாத்துடையது. செருப்புத் தோல் வியாபாரி. "அன்னைக்கு ரெண்டாவது வந்தது நான், ஞாபகம் இருக்காக்கா? வீட்டுக்குப் போய் ராத்திரி பூரா வண்டியைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேன், எங்க தப்பு பண்ணினேன்னு. என்மேலதான் தப்புன்னு நினைச்சேன்."

அவள் அதை இரண்டாம் முறையும் கேட்டாள். 

அடுத்து ஒரு படம் வந்தது. குளியலறையில் இரண்டு கிரானைட் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டு, மேலே ஒரு வாளி. இர்ஷாத்தின் குரல்: "லைட்டை அணைச்சாச்சு. தண்ணி ஊத்தியாச்சு. பொண்டாட்டி வெளிய நின்னு கதவைத் தட்டறா. ஓட்டறேன். கோப்பையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

அதன்பின் வரிசையாக வந்தன. நாகர்கோவிலில் ஒருவர் ரோட்டோரக் குழாய்க்குள் ஓட்டினார். திருச்சியில் ஒரு அப்பாவும் மகளும் துவைகல்லுக்கு அடியில். "நாங்கள் இங்கை கிணத்தடியிலை விடுறம், ரெண்டு தரம் கவிண்டது, மூண்டாந்தரம் போயிட்டுது" என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். மலேசியாக்காரர் ஒருவர் அவள் பேச்சை இங்கிலீஷில் எழுதி வெளிநாட்டுக் குழுக்களில் போட்டார். கூடவே அவள் பெயரையும் போட்டார். போடாமல் எப்படி?

நடுநடுவே திட்டும் வந்தது. "இனிமே யார் பாடத்தை நம்பறது?" என்று ஒருவர். "நம்பிக்கையைப் பத்தி நாளைக்கு மீட்டிங் போடு. இப்ப ஓட்டுடா" என்று இன்னொருவர்.

தமயந்தி சாலையோரம் மழைநீர் ஓடும் சிறு பாலத்துக்கடியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தன் வண்டியை உள்ளே விட்டாள். வாசலில் அது தயங்கியது. சக்கரம் நடுங்கியதை ரிமோட்டிலேயே உணர்ந்தாள். "போ," என்றாள் மெதுவாக. "விழ மாட்டே. சத்தியமா." போனது. வெளியே வந்தது. மறுபடி விட்டாள். முழங்கால் சேற்றில் மரத்துப் போகும்வரை விட்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வண்டியின் நான்கு சக்கரங்களையும் கழற்றி செல்வினிடம் கொடுத்தாள். "உங்க வண்டிக்கு மாட்டுங்க. ரெண்டுக்கும் ஒரே அச்சுதான். உள்ள செங்குத்தா இருந்தா இந்த எடை வேணும்."

அவன் வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை.

ஆறு மணிக்கு வரிசையாக நின்ற மீட்பு வண்டிகளின் நெற்றியில் விளக்கு ஒரு முறை மினுங்கியது. கலந்துவிட்டது. பித்தளைச் சக்கரம் பூட்டிய வண்டி முதலில் கிளம்பியது. முதுகில் தண்ணீருக்கும் பேச்சுக்கும் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய், பக்கவாட்டில் தட்டும் சத்தம் பிடிக்க ஒலிவாங்கி. பாறையில் ஏறியது. ரேடியோ அறுந்தது. இருட்டில் மறைந்தது.

இந்த முறை திரும்பி வரவில்லை.

காவேரி தூக்கின் பிடியை உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், குழாய் ஒரு சுண்டு சுண்டியது. செல்வின் அதைக் காதில் வைத்தான். முகம் மாறியது. குழாயைக் காவேரியிடம் நீட்டினான்.

"நான்தான்," என்றாள் அவள் குழாய்க்குள். அந்தப் பக்கம் என்ன சொன்னதோ, "சோறு ஆறிப்போச்சு, வா," என்றாள்.

குழாய் வழியே அவரிடமே கேட்டு, வலது பக்கம் தோண்டினார்கள். மறுநாள் விடிந்தபோது மாதையனை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். கால் நசுங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. பின்னாலேயே வண்டியும் ஊர்ந்து வந்தது. காவேரி அதைக் கையிலெடுத்து, முந்தானையால் சக்கரத்துச் சேற்றைத் துடைத்து, தமயந்தியிடம் கொடுத்தாள்.

"உங்க சக்கரமாமே. இதுதான் அவரைக் கண்டுபிடிச்சுச்சுன்னு சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கணும்மா."

"அம்மா, இதுங்க முதல்ல போகாம இருந்ததே..." தமயந்தி ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. காவேரி ஓடிவிட்டாள்.

செல்வின் சற்றுத் தள்ளி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் பிழைத்த சந்தோஷம் அவன் நிற்பில் இல்லை.

"தமயந்தி. ஆறு மணிக்குக் கலந்த பாடம் எல்லா வண்டிக்கும்தானே போகும்?"

"ஆமா."

"எங்க இருந்தாலும்?"

"சிக்னல் இருந்தா போதும். ஏன்?"

"நெல்லிமட்டத்துல காவலுக்கு நிக்குதே ஒண்ணு. அதுக்கும் போயிருக்கு." செல்போன் திரையைத் துடைத்தான். "நான் புதுசா எந்த உத்தரவும் குடுக்கலை. லைன்மேனைத் தேடச் சொன்ன பழைய உத்தரவு அதுல அப்படியே இருந்திருக்கு. இத்தனை நாள் வாசல்லயே நின்னுட்டிருந்தது, நேத்து சாயங்காலம் தானா உள்ள போயிருக்கு. இப்பத்தான் படத்தோட வெளிய வந்திருக்கு."

நெல்லிமட்டம். ஐப்பசி மாசம். ஆடிக்குப் பிறகு. அவள் மனசு மாசங்களை எண்ணி முடிக்குமுன் கை நீண்டுவிட்டது.

வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பாறைப் பொந்து. மேலே கசிவு. மனிதன் படத்தில் இல்லை, ஓரத்தில் காக்கித் துணியின் நுனி மட்டும். நடுவில், மின்வாரியத்துக்காரர்கள் போடும் மஞ்சள் ஹெல்மெட் கவிழ்ந்து கிடக்கவில்லை, கிண்ணம் மாதிரி மல்லாத்தி வைக்கப்பட்டிருந்தது. நீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே. சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் கல் முட்டுக்கொடுத்து. தாகம் எடுக்கும் அளவுக்கு உயிரோடு இருந்த ஒருவன், இன்னும் பல நாள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்த ஒருவன், பொறுமையாகச் செய்த வேலை அது.

ஹெல்மெட்டில் தண்ணீர் விளிம்புவரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அவர் வீட்டுக்கு யாராவது போய்ச் சொல்லணும்," என்றான் செல்வின்.

"நான் போறேன்," என்றாள் தமயந்தி. ஜீப்பை நோக்கி ஓர் அடி வைத்தாள். கால் வழுக்கி அந்தச் சேற்றிலேயே விழுந்தாள்.

செல்வின் கை கொடுக்கவில்லை. கிளப் வழக்கப்படி, முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.